நண்டின் வயிற்றுக்குள்ளே முப்பது பேர்

நண்டு கழுவத் தெரிந்தவர்களுக்கு அந்தப் பை தெரியும். மேல் ஓட்டைக் கழற்றியதும், கண்களுக்குப் பின்னால் முகத்தோடு ஒட்டினாற்போல் ஒரு சின்னப் பை இருக்கும். உள்ளே மணல் கலந்த மாதிரி கறுப்பாக ஏதோ கிடக்கும். கறிக்கு ஆகாது. அதைப் பிய்த்து எறிந்து, இரண்டு பக்கமும் சீப்புப் போல நிற்கிற பூக்களையும் (இந்தியாவில் செவுள் என்பார்கள்) பிடுங்கிப் போட்டுவிட்டுத்தான் மிளகாய்த்தூளைத் தேடுவோம். இந்தக் கட்டுரை அப்படிக் குப்பைக்குப் போகிற அந்த இரண்டு சாமான்களின் வரலாறு.

பைதான் நண்டின் இரைப்பை. அதற்குள்ளே பல் இருக்கு, நிசமாகவே. நடுவில் ஒன்று, இரு பக்கமும் ஒவ்வொன்று என்று மூன்று. வாயால் கிழித்து விழுங்குவதோடு சரி, மென்று அரைப்பதெல்லாம் வயிற்றுக்குள்தான் நடக்கிறது. அங்கே இரண்டு தாளங்கள் ஓடுகின்றன. பற்களை ஆட்டும் தாளம் மெதுவானது, ஒரு சுற்றுக்கு ஐந்து முதல் பத்து வினாடி எடுக்கும். அரைத்ததை வடிகட்டிப் பின்னால் தள்ளும் தாளம் வேகமானது, ஏறத்தாழ வினாடிக்கு ஒன்று. இரண்டையும் நடத்துவது இரைப்பையின் மேல் ஓர் இரத்தக் குழாய்க்குள் படுத்திருக்கும் ஒரு நரம்புத்திரட்டு. அதில் உள்ள கலங்கள், இனத்துக்கு இனம் சற்று மாறினாலும், சுமார் முப்பது. நம்முடைய தலைக்குள் 8,600 கோடி நரம்புக்கலங்கள் இருக்கின்றன. முப்பது என்பது ஒரு ஏ.எல். வகுப்பு.

இந்த முப்பது பேரையும் தனித்தனியாகப் பெயர் சொல்லிக் கூப்பிடும் நிலைக்கு விஞ்ஞானிகள் எப்படி வந்தார்கள், வந்த பிறகு என்ன ஆனது? கதை வியன்னாவில், ஒரு ஆச்சரியமான ஆளிடம் தொடங்குகிறது. கனவுகளைப் பற்றி எழுதிப் புகழ் பெறுவதற்கு வெகு முன்னால், 1882ல், சிக்மண்ட் பிராய்ட் கிரேஃபிஷ் என்ற நன்னீர் ஓட்டுயிரியின் நரம்புக்கலங்களையும் நார்களையும் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். 1890ல் சுவீடனின் குஸ்தாவ் ரெட்சியஸ், மெதிலீன் நீலம் என்ற சாயத்தைக் கொண்டு இந்த விலங்குகளின் நரம்புகளை வரைந்தார். அதே சாயத்தோடு போலந்துக்காரரான அலெக்சாண்ட்ரோவிச் 1932ல் நண்டு, சிங்கி இறால் வகைகளின் இதயத்தைப் பார்த்தார். அந்த இதயத்தின் மேல் இருக்கும் திரட்டில் கலங்கள் ஒன்பதே ஒன்பது. பெரியவை ஐந்து, சிறியவை நான்கு. நம் இதயத் தசை தானாகவே துடிக்கும் என்று படித்திருப்போம். இவற்றின் இதயம் அந்த ஒன்பது பேர் சொன்னால்தான் துடிக்கும்.

ஒரு விலங்கில் எண்ணியவை அடுத்த விலங்கிலும் அதே எண்ணிக்கையில், அதே இடத்துக்கு நார் அனுப்பிக்கொண்டு இருந்தன. அடையாளம் காணப்பட்ட நரம்புக்கலம் என்பதன் பொருள் இதுதான். உங்கள் மூளையில் உள்ள ஒரு கலத்தைக் காட்டி, என் மூளையில் இதே ஆள் எங்கே என்று கேட்டால் பதில் கிடையாது. நண்டில் கிடைக்கும். எந்தத் தசைக்கு நார் போகிறது என்று பார்த்துப் பெயர் வைத்துவிட்டால், உலகத்தின் வேறு மூலையில் இருப்பவரும் தன் மேசையில் உள்ள நண்டில் அந்த ஆளைத் தேடிப் பிடிக்கலாம்.

1948க்குப் பிறகு ஒரு தலைமுறையே காகிதத்தில் இல்லாமல் போன மலையகத்துக்கு, பெயர் பதிவாவது எவ்வளவு பெரிய விசயம் என்று யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. பெயர் பதிந்ததால் மட்டும் எல்லாம் தீர்ந்துவிடாது என்பதும் நமக்குத் தெரியும். நண்டு ஆய்வாளர்கள் முதல் பாதியை வேகமாகவே முடித்தார்கள். இரண்டாவது பாதி புரிய அவர்களுக்குப் பல பத்தாண்டுகள் எடுத்தது.

அதுக்கு முன்னால் ஒரு பழைய சண்டையைச் சொல்லணும். நடப்பது, பறப்பது, மெல்லுவது, மூச்சு விடுவது எல்லாமே தாளம். அந்தத் தாளம் எங்கிருந்து வருகிறது? ஓர் அசைவு அடுத்த அசைவைத் தூண்டுகிறது, அது அதற்கடுத்ததைத் தூண்டுகிறது, எல்லாம் வெளியிலிருந்து வரும் உணர்ச்சியின் சங்கிலி என்றது ஒரு கட்சி. நரம்பு மண்டலத்துக்குள்ளேயே தாளம் இருக்கு, வெளியிலிருந்து யாரும் எண்ணிக் கொடுக்கத் தேவையில்லை என்றது மற்றது. 1960ல் ஜோர்ஜ் ஹியூஸும் கலிபோர்னியாவில் இருந்த டச்சுக்காரர் வியர்ஸ்மாவும் கிரேஃபிஷின் வயிற்றுக்கடியில் துடுப்புப் போடும் சிறு கால்களைப் படித்தார்கள். நரம்பு வடத்தைக் கழற்றித் தனியாக வைத்தாலும், ஆட்ட வேண்டிய கால்களே இல்லாமல், துடுப்புப் போடும் கட்டளைகள் வரிசை பிசகாமல் வந்துகொண்டிருந்தன. அடுத்த வருசம் டொனால்ட் வில்சன் வெட்டுக்கிளியின் பறத்தலிலும் இதைப் போன்ற ஒன்றைக் காட்டினார். இரண்டாவது கட்சி ஜெயித்தது என்று மொத்தமாகச் சொல்லிவிட முடியாது, உணர்ச்சிக்கும் பங்கு இருக்கிறது. ஆனாலும் தாளத்தின் வீடு உள்ளேதான் என்பது நிலைத்தது.

1964ல் வியர்ஸ்மாவும் இக்கேடாவும் இன்னொரு படி போனார்கள். நரம்பு வடத்தில் ஒரு குறிப்பிட்ட நாரைத் தூண்டினால் துடுப்புகள் அத்தனையும் வேலை தொடங்கின. இப்படிப்பட்ட கலங்களைக் கட்டளை இடுபவை என்றார்கள். எனக்கு இதைப் படிக்கும்போது தோட்டத்துப் பெரட்டுதான் ஞாபகம் வந்தது. விடியற்காலையில் தப்பு அடிக்கும், கங்காணி சத்தம் போடுவார். அவர் போட்ட சத்தத்தில் கொழுந்து எப்படிக் கிள்ளுவது என்ற விவரம் ஒன்றும் கிடையாது. அது கிள்ளுகிற கைகளுக்குள்ளே இருந்தது. கட்டளைக் கலமும் அப்படித்தான், தொடங்கு என்பதோடு அதன் வேலை முடிந்தது. தாளம் தெரிந்தவை கீழே இருக்கும் திரட்டுகள்.

அதே 1964ல், பரிசோதனை உயிரியலுக்கான பிரித்தானிய ஆய்விதழின் 41ஆம் தொகுதியில், அடுத்தடுத்து இரண்டு கட்டுரைகள் வந்தன. முதல் பெயர் கே. டி. அருட்பிரகாசம். இரண்டாவது பெயர் வேல்ஸ் நாட்டின் ஸ்வான்சீயில் இருந்த எர்னெஸ்ட் நெய்லர். அருட்பிரகாசம் நம்ம நாட்டு விலங்கியலாளர், கொழும்புப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். அவர்கள் எடுத்துக்கொண்ட விலங்கு ஐரோப்பியக் கரைகளில் கல்லைப் புரட்டினால் ஓடும் பச்சைக் கரை நண்டு. எடுத்துக்கொண்ட தாளம் மூச்சு.

இங்கேதான் குப்பைக்குப் போகிற இரண்டாவது சாமான் வருகிறது. நண்டின் பூக்கள் ஓட்டுக்கடியில் ஒரு அறைக்குள் இருக்கின்றன. வாய்க்குப் பக்கத்தில் துடுப்புப் போன்ற ஒரு தகடு விடாமல் அடித்து, கால்கள் முளைக்கும் இடத்து இடுக்குகளால் தண்ணீரை உள்ளே இழுத்து வாய்ப்பக்கமாக வெளியே தள்ளுகிறது. தண்ணீருக்கு வெளியே எடுத்த நண்டு நுரை தள்ளுவதைப் பார்த்திருப்பீங்க. கோபத்தில் கக்குது என்று பெரியவர்கள் சொல்வார்கள். கோபமும் இல்லை ஒன்றும் இல்லை, அறையில் மிச்சமிருக்கும் தண்ணீரோடு காற்றையும் சேர்த்து அந்தத் துடுப்பு அடிக்கிற அடி அது. ஒரு விசித்திரம் என்னவென்றால், இடையிடையே துடுப்பு சட்டென்று திசை மாறும். சில கணங்களுக்குத் தண்ணீர் பின்பக்கமாக ஓடும். பிறகு பழையபடி. அந்தப் பின்னோட்டத்தின் வேலை என்ன என்பதுதான் முதல் கட்டுரையின் கேள்வி. இரண்டாவது கட்டுரை, நண்டு எவ்வளவு தண்ணீரை ஓட்டுகிறது, எவ்வளவு ஒக்சிசன் எடுக்கிறது, அதன் மூச்சு காலத்தோடு எப்படி ஏறி இறங்குகிறது என்று அளந்தது. 1966ல் அதே இருவரும் வேறு பல நண்டு, இறால் வகைகளின் மூச்சோட்டத்தை ஒப்பிட்டார்கள்.

இதில் நரம்புக்குள் செருகும் மின்வாய் எதுவும் இல்லை. வெளியே நின்று தண்ணீரைப் பார்த்த வேலை. ஆனால் உள்ளே போகிறவர்களுக்கு வெளியில் என்ன நடக்கிறது என்று யாராவது முதலில் துல்லியமாகச் சொல்லியிருக்க வேண்டும். துடுப்பு எத்தனை விதமாக அடிக்கிறது, எப்போது திரும்புகிறது என்று தெரியாமல், அதை ஆட்டும் கலத்தைக் கண்டுபிடித்தாலும் என்ன கண்டுபிடித்தோம் என்று தெரியாது. 1971ல் மென்டெல்சன் துறவி நண்டிலும் சிங்கி இறாலிலும் அந்தத் துடுப்பின் தாளத்தை ஓட்டும் கலங்களுக்குள் மின்வாய் செருகினார். வழக்கமான நரம்புக்கலம் டக் டக் என்று மின்துடிப்புகளாகப் பேசும். இவை அப்படிப் பேசவில்லை, அலை போல மெல்ல ஏறி மெல்ல இறங்கின. 1980ல் ஜோன் சிம்மர்ஸும் புஷ்ஷும், அருட்பிரகாசம் அளந்த அதே பச்சைக் கரை நண்டில், மூச்சை ஆளும் அப்படியான துடிப்பில்லாக் கலங்களை விவரித்தார்கள்.

அந்தக் காலத்தில் கண்டிப் பக்கம் என்ன நடந்தது? பேராதனையில் விஞ்ஞான பீடம் 1961ல் தொடங்கியது. விலங்கியலுக்கு முதல் பேராசிரியர் ஹிலரி குரூஸ், ஒட்டுண்ணிகள் அவருடைய துறை. 1960ல் சிலோன் ஜேர்னல் ஒஃப் சயன்ஸ் ஆய்விதழில் சி. எச். பெர்னாண்டோ இலங்கையின் நன்னீர் நண்டுகளைப் பட்டியலிட்டிருந்தார். 1962ல் அருட்பிரகாசமே எச். எச். கொஸ்தாவோடு சேர்ந்து இலங்கையின் சிறு நன்னீர் இறால்களைப் பற்றி எழுதியிருக்கிறார். அதே வருசம் சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு குழு வந்து தீவு முழுக்க விலங்குகளைச் சேகரித்துப் போனது. அவர்களின் தலைவர் பெர் பிரிங்க். நண்டுகளை ஆராய்ந்த ஜெர்மன்காரர் ரிச்சர்ட் பொட், மலைநாட்டு ஓடைகளில் வாழும் ஒரு பேரினத்துக்குப் பெர்பிரிங்கியா என்று பெயர் வைத்தார். நம்ம மலை நண்டு ஒரு சுவீடன்காரரின் பெயரோடு நடமாடுகிறது. எனக்கு இதில் கோபம் இல்லை, கொஞ்சம் சிரிப்புத்தான் வருகிறது. ஓடை நண்டு என்று சொல்லிப் பிடித்துத் திரிந்த பிள்ளைகள் எத்தனை பேர்!

இனி முதல் சாமானுக்குத் திரும்புவோம், அந்த வயிற்றுப் பைக்கு. அமெரிக்காவில் டொனால்ட் மேனார்ட் முன்பு ஒன்பது கலமுள்ள இதயத் திரட்டில் வேலை செய்தவர். 1960களில் அவர் முப்பது கலமுள்ள இரைப்பைத் திரட்டுக்கு வந்தார். அதை வெட்டி எடுத்து உப்புநீர்த் தட்டில் வைத்தால் வயிறே இல்லாமல் மெல்லும் தாளத்தை வாசித்துக்கொண்டிருக்கும், குளிராக வைத்தால் நாட்கணக்கில். சான் டியாகோவில் அலன் செல்வெர்ஸ்டனும் கூட்டாளிகளும் 1970களில் யார் யாரோடு பேசுகிறார் என்ற முழு இணைப்புப் படத்தையும் வரைந்தார்கள். 1979ல் மில்லரும் செல்வெர்ஸ்டனும் இன்னொரு தந்திரம் செய்தார்கள். ஒரே ஒரு கலத்துக்குள் ஒளிரும் சாயத்தைச் செலுத்தி, அதன் மேல் பலமான ஒளியைப் பாய்ச்சினால் அந்த ஒரு ஆள் மட்டும் சாவார். வகுப்பில் ஒருவரை எழுப்பி வெளியே அனுப்பிவிட்டுப் பாட்டு மாறுகிறதா என்று கேட்பது மாதிரி.

வேகமான தாளத்தின் ஏற்பாட்டைக் கொஞ்சம் பாருங்க, வேடிக்கையானது. ஏ.பி. என்று ஒருவர், பி.டி. என்று இருவர். மூவரும் மின்னால் ஒட்டியிருப்பதால் ஒன்றாகவே முழங்குவார்கள். ஏ.பி.தான் கடிகாரம். இவர்கள் முழங்கும்போது எல்.பி.யையும் பி.வை. குழுவையும் அடக்கி வைப்பார்கள். நிறுத்தியதும், அழுத்திப் பிடித்த ஸ்பிரிங்கை விட்ட மாதிரி அடங்கியிருந்தவர்கள் துள்ளி எழுவார்கள். எல்.பி. முதலில், பி.வை. சற்றுப் பிந்தி. பி.வை. எழுந்ததும் எல்.பி.யின் வாயை அடைக்கும். அதற்குள் கடிகாரம் மறுபடி முழங்கும். ஒன்று, இரண்டு, மூன்று. ஒன்று, இரண்டு, மூன்று. இங்கே ஒருவரை ஒருவர் உற்சாகப்படுத்துவது என்பது கிட்டத்தட்ட இல்லை, பூராவும் ஒருவர் வாயை ஒருவர் பொத்துவதுதான். அதிலிருந்தே தாளம் பிறக்கிறது.

படம் கையில் கிடைத்துவிட்டது. அப்புறம்? 1980ல் செல்வெர்ஸ்டன் ஒரு கட்டுரை எழுதினார். இப்படிப்பட்ட தாளச் சுற்றுகள் புரிந்துகொள்ளக் கூடியவைதானா என்ற கேள்வியே அதன் தலைப்பு. முப்பது பேரின் பெயரும், யார் யாருடைய வாயைப் பொத்துகிறார் என்ற விவரமும் தெரிந்த ஒருவர் அப்படிக் கேட்டது சாதாரண விசயம் இல்லை.

அவருடைய சான் டியாகோ வட்டாரத்தில் ஆய்வு மாணவியாக இருந்தவர் ஈவ் மார்டர். மற்றவர்கள் இணைப்புகளை எண்ணிக்கொண்டிருந்தபோது அவர், இந்தக் கலங்கள் எந்த இரசாயனத்தால் பேசுகின்றன என்று கேட்டார். 1974ல் அசற்றைல்கோலின் அவற்றில் ஒன்று என்று காட்டினார். பின்பு போஸ்டன் பக்கத்துப் பிரண்டைஸ் பல்கலைக்கழகத்தில் அவரும் அவருடைய மாணவர்களும் கண்டதைச் சுருக்கமாகச் சொன்னால் இது: திரட்டின் மேல் ஓடும் இரத்தத்திலும் மேலிருந்து வரும் நரம்புகளிலும் பல விதமான பொருட்கள் வந்து சேர்கின்றன. ஒவ்வொன்றும் அதே முப்பது பேரை வேறு மாதிரி வாசிக்க வைக்கிறது. இணைப்புப் படம் மாறுவதே இல்லை. பாட்டு மாறுகிறது.

1990ல் டிக்கின்சனும் மார்டரும் கூட்டாளிகளும், ஒரு பெப்டைட்டை விட்டால் இரண்டு தனித்தனிச் சுற்றுகள் ஒன்றாகிவிடுவதைக் காட்டினார்கள். அடுத்த வருசம் பிரான்சிலிருந்து மெய்ராண்ட், சிம்மர்ஸ், மூலின்ஸ் மூவரும் இன்னும் பெரிய குண்டைப் போட்டார்கள். மூச்சுக் கலங்களைப் பார்த்த அதே சிம்மர்ஸ்தான். சிங்கி இறாலில் ஒரு கலம் விழித்தெழுந்தால், உணவுக்குழாய், அரைக்கும் பற்கள், வடிகட்டி என்று வெவ்வேறு சுற்றுகளில் இருந்த ஆட்கள் தங்கள் வேலையை விட்டுவிட்டு வந்து, விழுங்குவதற்கென்று ஒரு புதுச் சுற்றைக் கட்டிக்கொள்கிறார்கள். ஆக, இவர் இந்தக் குழுவின் ஆள் என்று பதிவேட்டில் எழுதி வைத்ததே ஆட்டம் கண்டது. பெயர் நிலையானது, யாரோடு சேர்ந்து என்ன செய்வார் என்பது நேரத்தைப் பொறுத்தது.

2004ல் வந்தது எனக்கு எல்லாவற்றையும் விடப் பிடித்தது. பிரின்ஸ், பூகர், மார்டர் மூவரும் அந்த மூன்றடித் தாளத்தின் கணினி மாதிரியைச் செய்தார்கள். கலங்களின் தன்மையையும் இணைப்புகளின் பலத்தையும் மாற்றி மாற்றி இரண்டு கோடிக்கும் மேற்பட்ட சுற்றுகளை ஓட்டிப் பார்த்தார்கள். ஏறத்தாழ ஐந்தில் ஒன்று அந்தத் தாளத்தைப் போல வாசித்தது. உண்மையான விலங்குகளில் அளந்த எல்லைகளுக்குள்ளேயே கச்சிதமாக விழுந்தவை சுமார் நாலரை இலட்சம். ஒரே பாட்டு, நாலரை இலட்சம் வேறு வேறு உள் அமைப்புகள். இரண்டு நண்டுகள் ஒரே மாதிரி மெல்லுகின்றன என்பதால் அவற்றின் உள்ளே இருப்பதும் ஒரே மாதிரி என்று சொல்ல முடியாது. சராசரி எடுத்து ‘இயல்பான நண்டு’ ஒன்றைக் கட்டினால், அப்படி ஒரு நண்டு எங்குமே இல்லாமல் போகலாம்.

அந்த வித்தியாசங்கள் எப்போது வெளியே தெரியும்? சூடு ஏறும்போது. வெப்பத்துக்கும் குளிர்இரத்த விலங்குகளின் வேகத்துக்கும் உள்ள உறவு பழைய கேள்வி. 1954லேயே இந்திய விலங்கியலாளர் கே. பம்பாபதி ராவ், தியோடோர் புல்லக்குடன் சேர்ந்து அதைப் பற்றி எழுதியிருக்கிறார். 2010ல் மார்டரின் குழு வட அத்திலாந்திக் நண்டு ஒன்றின் திரட்டை 7 பாகையிலிருந்து 23 பாகை செல்சியஸ் வரை சூடாக்கியது. தாளம் சுமார் நான்கு மடங்கு வேகமானது, ஆனால் மூன்று அடிகளுக்கும் இடையிலான விகிதம் குலையவில்லை. அதற்கு மேலே போனபோது தாளம் உடைந்தது. அதுவரை ஒன்றுபோல வாசித்தவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக உடைந்தன. குளிர்வித்தால் திரும்ப வந்தன.

அந்தக் குளிர்நாட்டு நண்டு பருவத்துக்குப் பருவம் பெரிய வெப்ப மாற்றத்தைக் கண்டு வளர்வது. கண்டியின் ஆண்டுச் சராசரி ஏறத்தாழ 24, 25 பாகை, வருசம் முழுக்கப் பெரிதாக மாறாது. ஹந்தானைச் சரிவில் மர நிழலுக்கடியில் ஓடும் தண்ணீர் அதிலும் குளிர். 1990களிலிருந்து மொகமட் பாகிர், பீட்டர் இங் போன்றோர் செய்த வேலையால் இலங்கையின் நன்னீர் நண்டு இனங்களின் கணக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கிறது. கிட்டத்தட்ட எல்லாமே இந்தத் தீவைத் தவிர வேறெங்கும் இல்லாதவை, பாதிக்கு மேல் அழியும் ஆபத்தில் இருப்பவை. சில ஒரே மலையின் சில ஓடைகளோடு முடிந்துவிடுகின்றன. நிழல் மரத்தை வெட்டினால் ஓடை சூடாகும், அவற்றுக்கு மேலே ஏறிப்போக அதற்கு மேல் மலை இல்லை.

ஓடையில் ஒரு கல்லை மெதுவாகப் புரட்டிப் பாருங்க. நண்டு அசையாமல் இருந்தால் வாய்ப்பக்கம் தண்ணீர் நடுங்கும். கொஞ்ச நேரம் பொறுத்தால் அந்த நடுக்கம் சட்டென்று நின்று, ஓட்டம் பின்பக்கமாகத் திரும்பி, மறுபடி முன்னால் வரும். அதை எண்ணுவதற்கு மின்வாய் வேண்டாம், கையில் மணிக்கூடு இருந்தால் போதும். பார்த்துவிட்டு கல்லை இருந்த மாதிரியே வைத்துவிடுங்க.